ஒரு தலை கூடுதல்

எங்கள் அகத்தா அக்காவுக்கு ஊரில் இரண்டு பெயர். சந்தையில் நெத்திலிக்காரி, கோயிலில் சாமியோட அம்மா. அகத்தா ஞானஸ்நானப் பெயர்; பெற்றவர்கள் வைத்த பெயர் சோ மல்சுன். அந்தப் பெயரை இப்போது வங்கியில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். நான் கொலும்பா. பூசான் துறைமுகத்தை ஒட்டிய யோங்தோ சந்தையில் அக்காவின் கடைக்குப் பக்கத்துக் கடையில் கடற்பாசி விற்கிறவள். அவர் கடை நெத்திலி வாசமும் என் கடைப் பாசி வாசமும் எத்தனையோ வருஷமாகக் கலந்தே கிடக்கின்றன. ஆகவே அக்காவைப் பற்றி வேறு யாராவது வந்து கதை அளந்தால் நம்பாதீர்கள். என்னிடம் கேளுங்கள்.

அக்காவின் புருஷன் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். மிச்சம் ஒரே பையன், தோங்ஹுன். நெத்திலியை வெயிலில் பரப்பிக்கொண்டே வளர்த்தார். சேட்டைக்காரப் பையன். எங்கள் ஊரில் அம்மாமார் பிள்ளையை அடிப்பதென்றால் முதுகில்தான் அடிப்பார்கள், உள்ளங்கையை நன்றாக விரித்து. அக்காவின் கை நெத்திலி அள்ளி அள்ளிப் பலகையாகிப் போன கை. அந்த அடி விழும் சத்தம் மீன் ஏலத்தையும் தாண்டி எனக்குக் கேட்கும். பையன் சிரித்துக்கொண்டே ஓடுவான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் துறவற சபையில் சேரப் போகிறேன் என்றான். போனான், படித்தான், குருப்பட்டமும் வாங்கினான். பட்டம் கிடைத்த அன்று பெற்ற தாயே மகன் காலடியில் மண்டியிட்டு முதல் ஆசீர் வாங்குவது எங்கள் வழக்கம். அக்காவும் வாங்கினார். அன்றோடு வாடா போடா எல்லாம் முடிந்தது. அதன்பின் 'வாங்க சாமி, உக்காருங்க சாமி'தான். மற்ற சாமியார்களின் அம்மாக்கள் வெளியே மரியாதையாகப் பேசிவிட்டு அடுப்படியில் மறந்துபோய் 'டேய், உப்பு எடு' என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் அக்கா ஒரு தடவை கூடத் தவறியதில்லை. மகன் தும்மினால்கூட 'சாமிக்குச் சளி பிடிச்சிருக்கு' என்று என்னிடம் வந்து சொல்வார். எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன்.

புத்தாண்டுக்குப் பிள்ளைகள் பெற்றவர்களுக்கு விழுந்து கும்பிடுவார்களே, அதற்கும் விடமாட்டார். மகன் குனியப் போனாலே பதறிக்கொண்டு எழுந்து ஓடுவார். "பூசை வைக்கிற கை தரையில படலாமா சாமி?" என்பார். ஆனால் வருஷம் ஒரு முறை, தன் பிறந்தநாளுக்கு, மகன் முன்னால் மண்டி போட்டுத் தலையைக் குனிவார். மகன் அவர் தலையில் கை வைத்து ஆசீர் கொடுப்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அக்கா மீதி வருஷம் முழுக்க நெத்திலி விற்றார் என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு சபை மகனை ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கிருந்தும் அக்காவின் பிறந்தநாளுக்கு வந்து ஆசீர் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் கொரோனா வந்து, பூசானுக்கும் ஜப்பானுக்கும் நடுவே ஓடும் கப்பலை நிறுத்தியது. கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்தபோது மகனுக்கு வேலை அதிகமாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும், ஆள் வரமாட்டார். அஞ்சு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. இதற்குள் அக்காவுக்கு எழுபது வயது வந்தது. பங்குக் கோயில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை விருந்து வைப்பதாக ஏற்பாடு. சாமி வந்து அம்மாவை ஆசீர்வதிப்பார், நாமும் பார்க்கலாம் என்று எல்லாருக்கும் ஆசை. போன் வந்தது. "முடியலம்மா, மன்னிச்சுக்கோங்க" என்று மகன் சொல்லிவிட்டார்.

அக்கா போனை வைத்துவிட்டு நெத்திலிக் குவியலைக் கொஞ்ச நேரம் கிளறிக்கொண்டிருந்தார்.

"சாமி வரலன்னா என்ன? நான் போறேன்" என்றார்.

"எங்க?"

"நாகசாகிக்கு. அங்க மலை மேல ஓவுரா மாதா கோயில் இருக்குல்ல, பேர் பெத்த கோயில். தினமும் அங்கதான் இருக்கேன்னு சாமி சொல்லியிருக்காங்க."

"தனியாவா? உங்களுக்கு ஜப்பான் பாஷையில தண்ணி கேக்கத் தெரியுமா?"

"தாகம் எடுத்தா வாயைக் காட்டுவேன். புரியாமலா போயிடும்?"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போங்க அக்கா."

"சொன்னா வேண்டாம்மா, அலையாதீங்கன்னு தடுப்பாங்க. போய் நிக்கிறேன். பீடத்துல நிக்கிறப்ப திடீர்னு அம்மாவைப் பாத்தா சாமி முகம் எப்படி மலரும்! தலையில கை வச்சு ஒரு ஆசீர், அவ்வளவுதான். எழுபது வயசுக்கு எனக்கு வேற என்ன வேணும்? மத்ததெல்லாம் தின்னு தீத்தாச்சு."

நெத்திலியில் நல்லதாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, குடல் எடுத்து ஒரு பை நிறைய நிரப்பினார். நானும் என் பங்குக்குப் பாசி ஒரு கட்டு கொடுத்தேன். துறைமுகம் வரை போய் வழியனுப்பினேன். இனிமேல் நான் சொல்வதெல்லாம் திரும்பி வந்த அக்கா என்னிடம் ஒன்றுவிடாமல் கொட்டியது.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் ஐம்பதைத் தாண்டினால் முடியைக் குட்டையாக வெட்டிச் சுருட்டிக்கொள்வோம். வெளியூர் கிளம்பினால் பளீரென்று மலையேறும் சட்டை, முகத்தையே மூடும் அகலத் தொப்பி, முகக்கவசம், முதுகில் பை. எல்லாருக்கும் இதே கோலம்தான். என்னையும் அக்காவையும் பின்னாலிருந்து பார்த்தால் எங்களைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. இதைச் சிரிக்கச் சொல்லவில்லை. நடந்த கூத்து அத்தனைக்கும் இதுதான் காரணம்.

அக்கா கப்பலிறங்கி, ரயில் மாறி, டிராம் ஏறி எப்படியோ நாகசாகி மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏற்றத்தில் இருபக்கமும் கேக்குக் கடைகள். கடைக்காரிகள் நீட்டிய துண்டுகளை எல்லாம் வாங்கித் தின்றுகொண்டே ஏறினாராம். வாசலில் டிக்கெட் வாங்கச் சொன்னார்கள்.

"மாதாவைக் கும்பிட டிக்கெட்டா!" என்று அங்கேயே அக்காவுக்கு ஒரு அதிர்ச்சி. புலம்பிக்கொண்டே வாங்கினார். பையிலிருந்து மகன் குருப்பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தை எடுத்து ஜன்னலுக்குள் இருந்த பெண்ணிடம் காட்டினார். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "ஆ, ஹ்வாங்-சான்!" என்றாள். மணிக்கட்டைத் தட்டி, வாசலைக் காட்டி, இதோ வந்துவிடுவார் என்று கையாலேயே சொன்னாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஹ்வாங் என்பது எங்கள் அக்கா புருஷனின் குடும்பப் பெயர். ஒரு சாமியாரைப் போய் மளிகைக்கடைக்காரரைக் கூப்பிடுவதுபோல் சான் போட்டுக் கூப்பிடுகிறாளே, இந்த ஊரில் மரியாதையே கிடையாதா என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே முதல் பெஞ்சில் இடம் பிடித்தார். தொப்பியைக் கழற்றி, பூசைக்குப் போடும் வெள்ளை முக்காட்டைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டார். வலப்பக்கம் சின்ன மாதா சுரூபம். பூசை எப்போது தொடங்கும், மகன் எந்தக் கதவு வழியாக வருவார் என்று பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் வந்தார்கள், அண்ணாந்து வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தார்கள், போனார்கள். ஒருத்தரும் மண்டியிடவில்லை. பூசையும் தொடங்கவில்லை. கடைசியில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வயசாளி ஒருவர் வந்து, முக்காட்டைப் பார்த்துத் தலைவணங்கி, எதிர்ப்பக்கம் இருந்த இன்னொரு கோயிலைக் கையால் காட்டினார். பூசையெல்லாம் அந்தப் புதுக் கோயிலில்தானாம். இது வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு.

அப்படியானால் மகன் தினமும் இங்கே என்ன செய்கிறார்? அந்தக் கேள்வி அப்போதே வந்ததா என்று அக்காவிடம் கேட்டேன். "வரல. அந்தக் கோயில்ல பூசை வச்சுட்டு இங்க செபம் பண்ண வருவாங்கன்னு நெனச்சேன்" என்றார். தாய் மனசுக்குப் பதில் எங்கிருந்தாவது கிடைத்துவிடுகிறது.

முக்காட்டை மடித்துவைத்து, தொப்பியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு வந்தார். அங்கே எங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தது. தேகு நகரத்திலிருந்து யாத்திரை வந்த பெண்கள் கூட்டம். எல்லாரும் அதே சுருட்டை முடி, அதே சட்டை, அதே தொப்பி. கூட்டத்தை மேய்க்க வந்த ஒரு பெண் அக்காவைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"ஐயோ, நீங்க என்ன இங்க தனியா நிக்கிறீங்க? கும்பலோட வாங்கம்மா, எத்தனை தடவை சொல்றது! இந்தாங்க, காதுல மாட்டுங்க, பேட்டரி மாத்தியாச்சு."

கயிற்றில் தொங்கும் சின்னப் பெட்டியைக் கழுத்தில் மாட்டி, ஒயரைக் காதில் செருகிவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டாள். கைடு மெதுவாகப் பேசினாலும் எல்லாருக்கும் கேட்பதற்காக யாத்திரைக் கூட்டங்களில் கொடுப்பார்களே, அதுதான். அக்கா வாயைத் திறப்பதற்குள் காதுக்குள் குரல் வந்துவிட்டது.

"எல்லாரும் வந்தாச்சா? நான் பேசறது கேக்குதா? கேக்காதவங்க கையத் தூக்குங்க. கேக்காதவங்களுக்கு நான் சொன்னது எப்படிக் கேக்கும்னு மட்டும் கேக்காதீங்க."

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அது மகனின் குரல். போனில் வரும் குரல் இல்லை. சின்ன வயதில் காதில் வாயை வைத்து 'அம்மா பசிக்குது' என்பானே, அத்தனை பக்கத்தில் கேட்டது. அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. எட்டிப் பார்த்தார். கீழ்ப்படியில் தொப்பி போட்டு, கையில் சின்னக் கொடி பிடித்து, கறுத்துப்போய் நின்றுகொண்டிருந்தார் மகன். அங்கி இல்லை. வெயிலுக்குக் கழற்றி வைத்திருப்பார், பாவம். யாத்திரை வந்த சனங்களுக்குத் தானே வந்து விளக்கம் சொல்கிறாரே, என்ன பணிவு! பெருமை தாங்காமல் பக்கத்தில் நின்ற ஊதாத் தொப்பிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என் பையன். சாமியார்."

"எது?"

"அதோ, பேசறாங்களே."

"அது கைடுக்கா."

"சாமியார்தாம்மா. இங்க விளக்கம் சொல்ல வந்திருக்காங்க."

"அடப் போங்க அக்கா, வெயில்ல உங்களுக்குத் தலை சுத்துது. நேத்து சாயங்காலம் அவரு பொண்டாட்டி கடையிலதானே நூடுல்ஸ் தின்னோம்? நீங்க வரலையா? குட்டிப் பொண்ணு ஒண்ணு தண்ணி கொண்டாந்து வச்சுதே. அப்பன் மூக்கு அப்படியே."

அக்காவுக்குத் தூக்கி வாரிப்போட்டது. பொண்டாட்டியா? யாருக்கு? இவள் யாரைச் சொல்கிறாள்? குரல் ஒத்துப்போகிற வேறு ஆளாக இருக்கும் என்று மறுபடி பார்த்தார். மூக்கைப் பார்த்தார். அது அக்கா புருஷன் வீட்டு மூக்கு, நுனியில் லேசாகச் சாய்ந்திருக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. படியோரம் இருந்த மாதா சிலைக்குப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"உயிர் போனா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் கொலும்பா. பூசை வைக்கிற கைக்குப் பொண்டாட்டியா, பிள்ளையா? ஆண்டவரே, நான் எதைப் பெத்து எதை உமக்குக் குடுத்தேன்? எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க, நான் மட்டும் தனியாக் கிணத்துக்குள்ள விழுந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னார். ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடத் தோன்றியதாம். ஆனால் காதில் பேசுகிற குரலை எடுத்தெறியக் கை வரவில்லையாம்.

மகன் கோயிலின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் ஒரு காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்குத் தடை போட்டு, பிடிபட்டவர்களைக் கொன்றார்கள். ஏழு தலைமுறை சனங்கள் வெளியே காட்டாமல் வீட்டுக்குள்ளேயே செபித்து வந்தார்கள். பிறகு இந்தக் கோயில் கட்டியதும் சில பேர் மெல்ல வந்து, வெள்ளைக்காரச் சாமியாரின் காதில் 'எங்க மனசும் உங்க மனசும் ஒண்ணுதான், மாதா எங்கே?' என்று கேட்டார்கள்.

"ஏழு தலைமுறையா ஒருத்தன்கூட உளறலையா?" என்று ஊதாத் தொப்பி சத்தமாகக் கேட்டாள். "எங்க வீட்ல ஒரு நாள் தாங்காது."

"அதான் எனக்கும் ஆச்சரியம்" என்றார் மகன். "நான் அஞ்சு வருஷமா ஒண்ணே ஒண்ணை மறைக்கிறேன். அதுக்கே சோறு எறங்க மாட்டேங்குது."

எங்கள் ஊர்ப் பெண்களிடம் இப்படிச் சொல்லிவிட்டு ஒருவன் தப்பித்துப் போக முடியுமா? "என்னது, என்னது? யார்கிட்ட மறைக்கிறே? கடனா? பொண்டாட்டிக்குத் தெரியாமயா?" என்று எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்து மழுப்பினார். விடவில்லை. நாளைக்கு ஊர் திரும்பப் போகிற, மறுபடி பார்க்கவே போகாத ஆட்களிடம் மனுஷனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்போல.

"எங்க அம்மாகிட்ட. யோங்தோவில நெத்திலி விக்கிறாங்க. இந்த மாசம் எழுபது. நான் போகல."

"அடப் பாவி! ஏன் போகல?" ஆளாளுக்குத் திட்டினார்கள்.

"நான் முன்ன சாமியாரா இருந்தவன். ரோம்லருந்து அனுமதி வாங்கி முறையா விலகிட்டேன். அப்புறம்தான் கல்யாணம். சபையில எல்லாருக்கும் தெரியும். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்னு சொன்னேன். சொல்றதுக்குன்னுதான் ஊருக்குப் போனேன். அன்னைக்கு அம்மா பிறந்தநாள். வாயைத் தொறக்கறதுக்குள்ள என் முன்னாடி மண்டி போட்டு, தலையைக் குனிஞ்சு, 'ஆசீர் குடுங்க சாமி'ன்னுட்டாங்க. என்ன பண்றது? கையை வச்சேன். வெறும் கை. அம்மா கண்ணை மூடிக்கிட்டு அழுதாங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? போனா திரும்ப மண்டி போடுவாங்களே."



அக்காவுக்கு இது முதல் அடியைவிடப் பெரிய அடி. அந்தக் கடைசி ஆசீரைத்தான் அஞ்சு வருஷமாகத் தலையில் சுமந்துகொண்டிருந்தார். உடம்பு சரியில்லாத நாளில் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்து 'சாமி கை வச்ச இடம்' என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அது வெறும் கை. அதைவிடக் கொடுமை, மகனை வீட்டுக்கு வரவிடாமல் அடித்தது தன் முழங்கால்தான் என்பது.

கூட்டம் அமைதியாகப் படியிறங்கியது. கீழே அவர்கள் பஸ் நின்றது. மகன் கதவோரம் நின்று விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி எண்ணினார்.

"ஒரு தலை கூடுதலா இருக்கே. வழக்கமா ஒண்ணு குறையும், நான் தேடிக்கிட்டு ஓடுவேன். நம்ம கூட்டத்துல இல்லாதவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க. பயப்படாதீங்க, கடிக்க மாட்டேன்."

அக்கா நினைத்திருந்தால் பெட்டியைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு டிராமுக்கு நடந்திருக்கலாம். ஊருக்கு வந்து, சாமியைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறார் என்று எங்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கலாம். நாங்களும் நம்பியிருப்போம். "காலு போ போங்குது. கை தானாத் தூக்கிக்கிச்சு" என்றார்.

தூக்கிய கையோடு முகக்கவசத்தை இறக்கினார்.

மகன் பேயறைந்ததுபோல் நின்றுவிட்டார். கொடி கீழே விழுந்தது. "அம்மா" என்றார். சட்டைக் காலரில் மைக் இருந்ததால், அந்த ஒரு வார்த்தை அங்கே இருந்த அத்தனை பெண்களின் காதுக்குள்ளும் போனது. ஊதாத் தொப்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகன் கிட்டே வந்ததும் அக்கா செய்த காரியத்தைக் கேளுங்கள். பழக்க தோஷம், முழங்கால் மடங்கிவிட்டது! எல்லாம் தெரிந்தபிறகும் அந்தப் பாழாய்ப்போன முழங்கால் மண்டி போடப் போகிறது. "வேண்டாம்மா, வேண்டாம், வேண்டாம்" என்று மகன் அலறிக்கொண்டு தோளைப் பிடித்துத் தூக்கினார். தூக்கியவர் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அக்கா உள்ளங்கையை விரித்தார்.

பட்டென்று விழுந்தது அடி. மைக் வழியாகப் போய் எல்லார் காதிலும் வெடித்ததில், பெண்கள் 'ஐயோ' என்று ஒயரைப் பிடுங்கி எறிந்தார்கள்.

"வெறும் கையா! வெறும் கையை என் தலையில வச்சியாடா! பெத்தவகிட்டச் சொல்ல வாயில்ல, போறவ வர்றவளுக்கெல்லாம் கதை சொல்றியா! பேத்தி பொறந்தது தெரியாம நெத்திலி வித்துக்கிட்டு உக்காந்திருக்கேனேடா, படுபாவி!"

இன்னொன்று விழுந்தது. இன்னொன்றும். மகன் நகரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்று சின்னப்பையன்போல் அழுதார். கடைசியில் ஊதாத் தொப்பிதான் வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, அக்கா, எங்க பஸ் கிளம்பணும். மீதியை வீட்ல வச்சு அடிங்க."

"நீங்க அழுதீங்களா?" என்று நான் கேட்டேன்.

"நான் ஏன் அழணும்? எனக்குக் கை வலிச்சது."

கூட்டத்தை ஏற்றிவிட்டு மகன் அம்மாவை அந்த நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மருமகள் சிஹோ, ஜப்பான்காரி. விஷயம் தெரிந்ததும் கடைத் தரையிலேயே நெற்றி படக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. அக்கா அவளிடம் நல்லதாகவும் பேசவில்லை, கெட்டதாகவும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் வைத்த நூடுல்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையைத் திறந்து நெத்திலியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அப்போதுதான் அந்தக் குட்டி யுனா வந்தாள். அவளுக்குப் பாட்டியின் சுருட்டை முடி அதிசயம். பெஞ்சில் ஏறி இரண்டு உள்ளங்கையையும் தலையில் வைத்து அமுக்கினாள். கையை எடுத்தால் முடி எழும்புகிறது. சிரித்துக்கொண்டு மறுபடி அமுக்கினாள். அக்கா அவளுக்கு எட்டட்டும் என்று தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.

பூசான் துறைமுகத்தில் கப்பலிறங்கியவரை நேராகப் பன்றிக்கறிச் சூப்புக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் இத்தனையும் சொன்னார். என் கரண்டி சூப்புக்குள் விழுந்து முங்கிவிட்டது. நான் அதை எடுக்கவும் இல்லை.

"நாசமாப் போச்சு! சாமியாருக்குப் பொண்டாட்டியா? அக்கா, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ஜப்பான்ல நடந்தது ஜப்பான்லயே கிடக்கட்டும். கோயில் முன்வரிசையில உங்களுக்குன்னு போட்ட நாற்காலியத் தூக்கிடுவாங்க. சங்கத் தலைவி மோனிகா வாய்க்கு ஒரு வருஷத்துக்குத் தீனி."

"அவன் அஞ்சு வருஷம் மறைச்சான். நான் எத்தனை வருஷம் மறைக்கட்டும்?"

"சாகிற வரைக்கும்!"

அக்கா சூப்பைக் குடித்தார். சரி, ஒத்துக்கொண்டார் என்று நானும் இருந்துவிட்டேன். அவர் 'அவன்' என்று சொன்னது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பங்குக் கூடத்தில் விருந்து. அரிசிக் கேக், கண்ணாடி நூடுல்ஸ், பொரித்த மீன் எல்லாம் மேஜை நிறைய. நடுவில் பூ வைத்த நாற்காலியில் அக்காவை உட்கார வைத்தார்கள். பெண்கள் சங்கத் தலைவி மோனிகா கையில் அரிசிக் கேக்கோடு எழுந்தாள்.

"கடல் தாண்டித் தனியாப் போய் சாமியைப் பாத்துட்டு வந்திருக்காங்க நம்ம அக்கா. சொல்லுங்க அக்கா, அந்தப் பேர் பெத்த கோயில்ல சாமி உங்க தலையில கை வச்சாங்களா?"

நான் மேஜைக்கடியில் அக்காவின் தொடையைக் கிள்ளினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"சாமி யாரும் இல்ல மோனிகா. என் பையன் குருப்பட்டத்தை விட்டுட்டான், அஞ்சு வருஷம் ஆச்சு. கல்யாணம் பண்ணிக்கிட்டான். எனக்குப் பேத்தி இருக்கா, பேரு யுனா. அவ வச்சா. ரெண்டு கையும்."

மோனிகா வாயில் போட்ட கேக்கை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. யாரோ 'இயேசுவே' என்றார்கள். எதிரே இருந்த கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று எழுந்து, "என்னத்த வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கீங்க? பேத்தி பொறந்த சேதி சொல்றாங்க, தின்னுங்கடி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேவலமாக நடுங்கியது. ஒருத்தியும் தட்டில் கை வைக்கவில்லை.

அக்கா பூ வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து என் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிப்பது கூடம் முழுக்கக் கேட்டது.

"தோங்ஹுனா, அம்மாடா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். "புள்ளையைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வா. நான் மண்டி போட மாட்டேன்."